எஸ் இல்லாத கை

பீட்டர்ஹெட் மீன் ஆலையில்
எனக்குக் கிடைத்த முதல் ஆங்கிலச் சொல் ஃபாஸ்ட்.
மேஸ்திரி மர்டோ அதைத்
தார்க்குச்சி போல வைத்திருந்தார்.
ஃபாஸ்ட், டைவா, ஃபாஸ்ட்.
ஹாடக் மீனின் முள்ளோரம் கத்தி ஓட
பனிக்கட்டித் தண்ணீரில்
விரைந்து விரைந்து
விறைத்தன விரல்கள்.

சுவர்க் கடிகாரமும் ஃபாஸ்ட்தான், ஐந்து நிமிடம்.
காலையில் மர்டோ அதை நம்புவார்,
மாலையில் தன் கைக்கடிகாரத்தை.

க்ளைப்பேடாவில் நான் விட்டுவந்த மொழியில்
ஓடுவதற்கு ஒரு சொல்,
ஓடாமல் இருப்பதற்கு வேறொன்று.
இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆகவே
பித்தப்பைக் கல்லுக்கு நாள் குறித்து
அபர்டீன் மருத்துவமனையிலிருந்து வந்த கடிதம்
நள்ளிரவு முதல் ஃபாஸ்ட் என்றபோது
எனக்குச் சந்தேகமே வரவில்லை.
விடிவதற்குள் எல்லாவற்றையும் பறந்து பறந்து செய்தேன்.
குளித்தேன், துணி மடித்தேன்,
நேற்றைய பீட்ரூட் சூப், கறுப்பு ரொட்டி, மூன்று முட்டை,
நின்றபடியே, ஏழு நிமிடத்தில்.

ஃபாஸ்ட் செய்தீர்களா? என்றாள் தாதி.
ரொம்ப ஃபாஸ்ட் என்றேன், பெருமையாக.
கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?
பஸ் ஏறும் முன்.
அவள் பேனாவை மூடிய ஓசையிலேயே
தெரிந்துவிட்டது
கல் இன்னும் ஆறு வாரம் என்னோடுதான்.

பக்கத்து நாற்காலியில் சிரித்தவர் ஸ்ட்ராக்கன்.
முப்பத்தெட்டு வருடம் வலை இழுத்தவர்.
இரண்டு முட்டிகளையும் சேர்த்து என் முன் நீட்டினார்.
விரலுக்கொன்றாய்ப் பச்சை எழுத்து,
பத்தொன்பது வயதில் குத்தியது.
வலக்கையில் ஹோல்ட், இடக்கையில் ஃபாஸ்ட்.
விடாமல் பிடி என்று பொருளாம்.
கைக்குச் சொன்னதா, கயிற்றுக்குச் சொன்னதா,
கடலில் யாரும் கேட்பதில்லை.

இடது மோதிர விரலைக் காணோம்.
கடலடியில் கிடந்த கப்பலொன்றில் வலை மாட்டிக்கொண்டது
(மாட்டிக்கொள்வதற்கும் பெயர் ஃபாஸ்ட்தான்),
படகு நின்றது, வின்ச் நிற்கவில்லை,
மோதிரத்தோடு எஸ்ஸும் போயிற்று.
மனைவி போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.
மோதிரத்துக்குத்தான் தகவல் தாமதம் என்றார்.
மிச்சத்தைப் படி.
எஃப். ஏ. டி.
கொழுப்பு.
விடாமல் கொழுப்பைப் பிடி!
பித்தப்பைக்காரிக்கு நல்ல உபதேசம் என்று
அவரே சொல்லி, அவரே சிரித்து, அவரே இருமினார்.

இடையில் ஒரு சனிக்கிழமை
துறைமுகத்தில் அவருடைய மருமகன் படகு கரை சேர்ந்தது.
கயிறு என் காலடியில் வந்து விழ,
மேக் ஃபாஸ்ட் என்று ஒரே கூச்சல்.
மர்டோவின் குரல் என் கணுக்காலில் குடியிருந்தது போலும்,
கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன்
ஐஸ் கிடங்கு வரை.
ஸ்ட்ராக்கன் அவசரமில்லாமல் பின்னால் வந்து
நுனியை வாங்கி,
இரும்புக் குற்றியில் எட்டுப் போட்டுச் சுற்றி இறுக்கினார்.
படகு ஒருமுறை திமிறிப் பார்த்தது.
பிறகு படகும் ஃபாஸ்ட்.

மறுமுறை நள்ளிரவு முதல்
எச்சிலைக்கூட யோசித்துத்தான் விழுங்கினேன்.
வண்டிச் சக்கரம் ஓடியது, நான் கிடந்தேன்.
முகமூடிக்கு மேலே யாரோ யாரிடமோ,
இதோ, ஃபாஸ்ட் அஸ்லீப்.
தூக்கத்திலுமா வேகம் என்று கேட்க
நாக்கைத் தேடினேன்.
அதை எங்கோ கட்டிவிட்டிருந்தார்கள்.

விழித்தபோது வயிற்றில் நான்கு இடத்தில் தையல்.
குப்பியில் கல், மக்காச்சோள மணி அளவு.
நாற்காலியில் ஸ்ட்ராக்கன், தொப்பி கழற்றாமல்,
வாய் திறந்து,
மயக்க மருந்தே இல்லாமல் என்னைவிட ஆழத்தில்.
என் மணிக்கட்டின் மேல்
கொழுப்பு என்று எழுதிய கை.

மர்டோவுக்கு ஃபோன் செய்ய வேண்டும்,
மணி என்ன என்று பார்க்கக்
கையை மெல்ல உருவினேன்.
வரவில்லை.